பொத்தானில் ஒரு சுவர்க்கோலம்



தோட்டத்து வீடுகளில் ஒரு பழைய டப்பா இருக்கும். அது மைலோ டப்பாவாக இருக்கலாம். தீபாவளிக்கு வாங்கிய பிஸ்கட் டப்பாவாகவும் இருக்கலாம். மூடியைத் திறந்தால் உள்ளே ஊசி, நூல், துருப்பிடித்த ஊக்கு, அவற்றோடு ஒரு கைப்பிடிப் பொத்தான்கள். மரம் சீவப் போன சட்டை பால்பட்டு விறைத்து, கிழிந்து, கடைசியில் தரை துடைக்கும் துணியாக மாறுவதற்கு முன், நம் தாய்மார்கள் கத்தரிக்கோலை எடுத்து அதன் பொத்தான்களை ஒவ்வொன்றாக வெட்டி இந்த டப்பாவில் போட்டு வைத்தார்கள். சட்டை போய்விட்டது, பொத்தான் இருக்கிறது. சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்று சொல்லி வளர்ந்தவர்கள் அல்லவா நாம்?

இந்தப் பொத்தான்களைக் கொண்டு, ஏறத்தாழச் செலவே இல்லாமல், வீட்டுச் சுவருக்கு ஓர் அழகிய அலங்காரம் செய்வது எப்படி என்பதே இன்றைய பேச்சின் பொருள். செய்முறைக்குப் போகுமுன் எங்கள் பள்ளியில் நடந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். நாங்கள் செய்த ஒரு பிழையும், அதைத் திருத்திய ஒரு பாட்டியும் அதில் வருகிறார்கள்.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயின்ற காலத்தில், பொத்தான்களை அட்டையில் பசை தடவி ஒட்டிப் பூவும் மரமும் செய்யக் கற்றிருந்தோம். அதையே எங்கள் தோட்டப் பள்ளியிலும் கற்பித்து வந்தோம். ஓராண்டு, கைவேலைப் பாடத்துக்காக, "வீட்டிலிருந்து ஆளுக்கு இருபது பொத்தான் கொண்டு வாருங்கள்" என்று நான்காம் ஆண்டு மாணவர்களிடம் சொன்னோம். மறுநாள் ஒரு பையன் மட்டும் வெறுங்கையோடு வந்தான். ஏனென்று கேட்டதற்குத் தலையைக் குனிந்துகொண்டான். அதற்கும் மறுநாள் அவனுடைய பாட்டி, டப்பாவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு தாமே பள்ளிக்கு வந்துவிட்டார்.

"டீச்சர், கோவிச்சுக்காதீங்க. இந்தப் பொத்தானை ஒட்டிப் புடுங்க முடியாம ஆக்கிட்டா, நாளைக்கு இவன் சட்டையில ஒண்ணு விழுந்தா நான் எங்க போவேன்? பொத்தான் இல்லாத சட்டையோட வந்தா மத்த பிள்ளைங்க சிரிக்க மாட்டாங்களா?"

இதற்கு நாங்கள் என்ன விடை சொல்வது? ஒரு பொத்தான்தானே, கடையில் கிடைக்குமே என்று சொல்லிவிடலாம். ஆனால் மாதக் கடைசியில், பேரப்பிள்ளையை ஒற்றை ஆளாக வளர்க்கும் ஒருவருக்கு, கடை இருக்கும் பட்டணம் பேருந்துச் செலவுக்கு அப்பால் இருக்கிறது. அந்த டப்பா அவருக்கு ஒரு சேமிப்புப் பெட்டி. அதை அழகு என்ற பெயரால் காலி செய்யச் சொல்லியிருந்தோம்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நாங்கள் பசையால் ஒட்டிய படங்கள் நிலைக்கவும் இல்லை. நம் நாட்டுக் காற்றில் ஈரம் மிகுதி. மழைக்காலம் வந்ததும் அட்டை வளைந்து பூஞ்சணம் பூத்தது. வழவழப்பான பிளாஸ்டிக் பொத்தானில் வெள்ளைப் பசை நன்றாகப் பிடிப்பதில்லை. ஒன்றன்பின் ஒன்றாகக் கீழே விழுந்தன. விழுந்தவற்றிலும் காய்ந்த பசை அடைத்துக்கொண்டு, ஊசி நுழையும் துளையே இல்லாமற் போயிற்று. படமும் கெட்டது, பொத்தானும் கெட்டது.

"அப்படியானால் எப்படிச் செய்யலாம், பாட்டி?" என்று அவரிடமே கேட்டோம். அவர் தம் முந்தானையின் ஓரத்தை விரித்து, டப்பாவிலிருந்து ஒரு பொத்தானை எடுத்து, நான்கே தையலில் அதைக் கட்டிக் காட்டினார். பிறகு பின்பக்க முடிச்சைக் கத்தரிக்கோலால் ஒரு வெட்டு வெட்டினார். பொத்தான் பழுதில்லாமல் கையில் வந்து விழுந்தது. "தச்சா எடுக்கலாம், ஒட்டுனா எடுக்க முடியாது" என்றார். அன்றிலிருந்து எங்கள் பள்ளியில் பொத்தானுக்குப் பசை கிடையாது.

ஆகவே, இன்று நாம் செய்யப் போவது வெறும் அலங்காரம் அன்று. சுவரில் தொங்கும் பொத்தான் டப்பா. கண்ணுக்கும் அழகாக இருக்கும். வேண்டும்போது ஒன்றை வெட்டி எடுத்துச் சட்டையிலும் தைத்துக்கொள்ளலாம்.

பொத்தான் சட்டைக்குத்தானே, சுவருக்கு எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். வரலாற்றைப் பார்த்தால் பொத்தான் முதலில் அழகுக்காகவே பிறந்தது. சிந்துவெளி நாகரிகத்து மொகஞ்சதாரோவில், துளையிட்ட கிளிஞ்சல் பொத்தான்கள் கிடைத்திருக்கின்றன. அவை 4,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழைமை உடையவை. ஆடையைப் பூட்டுவதைவிட, அணிகலனாகவே அவை பயன்பட்டன என்பது ஆய்வாளர் கருத்து. ஆடையில் துளை செய்து, அதில் பொத்தானை நுழைத்துப் பூட்டும் வழக்கம் ஐரோப்பாவில் 13ஆம் நூற்றாண்டில்தான் பரவியது. 'பொத்தான்' என்று நாம் வழங்கும் சொல்லே போர்த்துகீசிய மொழியிலிருந்து தமிழுக்கு வந்ததுதான்.

இலண்டன் மாநகரில் ஹென்றி கிராஃப்ட் என்று ஒருவர் இருந்தார். 1861இல் பிறந்தவர், அநாதை இல்லத்தில் வளர்ந்தவர், தெருக் கூட்டுவது அவர் தொழில். சந்தையில் தள்ளுவண்டி வைத்துப் பழமும் காயும் விற்றவர்கள் தங்கள் உடையில் முத்துச்சிப்பிப் பொத்தான்களை வரிசையாகத் தைத்துக்கொள்வதை அவர் பார்த்தார். தாமும் பொத்தான் சேர்த்து, ஓர் உடை முழுவதையும் பொத்தானால் நிறைத்துவிட்டார். அந்த உடையோடு தெருவில் நடந்தால் யார்தான் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்? அப்படித் திரும்பிப் பார்த்தவர்களிடம் மருத்துவமனைகளுக்கும் ஏழைகளுக்கும் நன்கொடை திரட்டினார். 1930இல் அவர் மறைந்த பிறகும், 'முத்து அரசர்', 'முத்து அரசி' என்ற பெயரோடு அவ்வழக்கத்தை இலண்டனில் இன்றும் பலர் தொடர்ந்து வருகிறார்கள். துடைப்பம் பிடித்த கை, பொத்தானால் அரசனாயிற்று!

இனிச் செய்முறைக்கு வருவோம். வேண்டிய பொருள்கள் இவை: சற்றுத் தடித்த பழைய துணி ஒன்று, கைவிரல் பருமனில் இரண்டு மூங்கில் குச்சிகள், ஊசி, நூல், கத்தரிக்கோல், அடிக்கோல், தேய்ந்த சவர்க்காரத் துண்டு, 37 பொத்தான்கள். அது என்ன கணக்கு 37 என்கிறீர்களா? சற்றுப் பொறுங்கள், சொல்கிறோம்.

முதலில் பொத்தான்களைத் தயார் செய்வோம். டப்பாவை ஒரு தட்டில் கவிழ்த்து, பிள்ளைகளை விட்டுப் பிரிக்கச் சொல்லுங்கள். நிறவாரியாக ஒரு முறை, அளவுவாரியாக ஒரு முறை. இதுவே அவர்களுக்கு நல்ல கணக்குப் பாடம். துருப்பிடித்த உலோகப் பொத்தான்களை ஒதுக்கிவிடுங்கள். துரு துணியில் கறையாக இறங்கும். பிளாஸ்டிக் பொத்தான்களை வெதுவெதுப்பான சவர்க்கார நீரில் போட்டு, பழைய பல் துலக்கியால் தேய்த்து, நல்ல நீரில் அலசி, உலர்த்துங்கள். மரப் பொத்தானையும் சிரட்டைப் பொத்தானையும் ஊறப் போடாதீர்கள். ஈரத்துணியால் துடைத்தால் போதும். வெள்ளைப் பொத்தான்களுக்கிடையில் பழைய சிப்பிப் பொத்தான் கிடக்கிறதா என்று பாருங்கள். கன்னத்தில் வைத்தால் சிப்பி சில்லென்று குளிரும். பிளாஸ்டிக் அப்படிக் குளிராது. அத்தகைய பொத்தான் ஒன்று கிடைத்தால் அதை நடுவில் வைப்பதற்காக எடுத்து வையுங்கள்.

அடுத்தது துணி. கிழிந்த பள்ளிக் காற்சட்டையின் கால் பகுதி, பழைய திரைச்சீலை, தடித்த பாவாடைத் துணி ஆகியவை ஏற்றவை. கைலித் துணி போல மெல்லியதாக இருந்தால் இரண்டாக மடித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பொத்தான் கனத்தில் தொய்ந்துவிடும். வெளிர் நிறப் பொத்தான்களுக்குக் கறுப்பு, கருநீலம் போன்ற அழுத்தமான நிறத் துணி எடுப்பாக இருக்கும். அகலம் 30 சென்டிமீட்டர், நீளம் 42 சென்டிமீட்டர் வருமாறு வெட்டுங்கள். இரு பக்க ஓரங்களையும் ஒன்றரை சென்டிமீட்டர் உள்ளே மடித்துத் தையுங்கள். மேலும் கீழும் நான்கு சென்டிமீட்டர் மடித்து, குச்சி நுழையும்படி குழல் போலத் தையுங்கள். இப்போது 27 சென்டிமீட்டர் அகலமும் 34 சென்டிமீட்டர் நீளமும் உள்ள தொங்கல் ஆயத்தமாகிவிட்டது.

இனிப் புள்ளி வைக்க வேண்டும். இங்கேதான் நம் தாய்மார்களின் அறிவு துணைக்கு வருகிறது. வாசலில் ஊடுபுள்ளிக் கோலம் போடத் தெரிந்தவருக்கு இதைச் சொல்லித் தரவே வேண்டியதில்லை. "ஏழு புள்ளி, ஊடுபுள்ளி நான்கு வரை" என்றால் போதும், அவர்கள் கை தானே புள்ளி வைக்கும். நடுவரிசையில் ஏழு, அதற்கு மேலும் கீழும் ஆறு ஆறு, அடுத்து ஐந்து ஐந்து, கடைசியில் நான்கு நான்கு. கூட்டிப் பாருங்கள்: 4, 5, 6, 7, 6, 5, 4. மொத்தம் 37!

கோலம் போட்டுப் பழகாதவர்களுக்கு அளவு சொல்கிறோம். துணியை நெடுக்காக ஒருமுறையும் குறுக்காக ஒருமுறையும் மடித்து விரித்தால் நடுவிடம் தெரியும். அங்கே சவர்க்காரத் துண்டின் முனையால் ஒரு புள்ளி வையுங்கள். அதன் இருபுறமும் மூன்று சென்டிமீட்டருக்கு ஒன்றாக மும்மூன்று புள்ளிகள். நடுவரிசை ஏழு ஆயிற்று. அதற்கு 26 மில்லிமீட்டர் மேலே அடுத்த வரிசை. அதன் புள்ளிகள் கீழ்வரிசைப் புள்ளிகளின் நேர் மேலே வரக்கூடாது. இரண்டிரண்டு புள்ளிக்கு நடுவே வரவேண்டும். இப்படியே மேலே மூன்று வரிசை, கீழே மூன்று வரிசை. வரிசைக்கு வரிசை மூன்று சென்டிமீட்டர் விடாமல் 26 மில்லிமீட்டர் மட்டும் விடுவது ஏன்? அப்போதுதான் பக்கத்துப் புள்ளியும் சாய்வில் உள்ள புள்ளியும் ஒரே தூரத்தில் அமையும். கோலம் ஒரு பக்கம் நீண்டு கோணாமல் இருக்கும்.

இப்போது நடுப்புள்ளியைப் பாருங்கள். அதைச் சுற்றி ஆறு புள்ளிகள். அந்த ஆறைச் சுற்றிப் பன்னிரண்டு. அதையும் சுற்றிப் பதினெட்டு. ஒன்றும் ஆறும் பன்னிரண்டும் பதினெட்டும் கூட்டினாலும் அதே 37தான். வரிசையாக எண்ணினாலும் வளையமாக எண்ணினாலும் ஒரே விடை. ஒரே அளவான ஏழு காசுகளை மேசையில் வைத்து ஒன்றைச் சுற்றி மற்றவற்றை அடுக்கிப் பாருங்கள். சரியாக ஆறுதான் நெருங்கி உட்காரும், ஏழாவதற்கு இடமில்லை. நம் பாட்டிமார் வாசலில் போட்டு வந்ததில் இவ்வளவு கணக்கும் அடங்கியிருக்கிறது என்று பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

நிறத்தையும் இந்த வளையக் கணக்குப்படியே அமைக்கலாம். நடுவில் உங்களிடம் உள்ள மிக அழகான பொத்தான். சுற்றி ஆறு சிவப்பு. அதைச் சுற்றிப் பன்னிரண்டு நீலம். வெளி வளையத்தில் பதினெட்டு வெள்ளை. பள்ளிச் சட்டை ஒன்றில் முன்புறம் ஆறு பொத்தான் என்று வைத்துக்கொண்டால், கிழிந்த மூன்று சட்டைகளிலேயே வெளி வளையம் நிறைந்துவிடும். எல்லாம் ஒரே அளவாக இருக்க வேண்டியதில்லை. மூன்று சென்டிமீட்டருக்கு உட்பட்ட எந்தப் பொத்தானும் இடங்கொள்ளும். 37 சேரவில்லையா? கவலை வேண்டாம். ஐந்து புள்ளி மூன்று வரை வைத்தால் 19 போதும். நிறைய இருந்தால் ஒன்பது புள்ளி ஐந்து வரை வைக்கலாம்; அதற்கு 61 வேண்டும். துணியையும் அதற்கேற்பப் பெரிதாக வெட்டிக்கொள்ளுங்கள்.

இனித் தையல். இதுதான் அந்தப் பாட்டி காட்டிய முறை, கவனமாகக் கேளுங்கள். ஒரு பொத்தானுக்கு ஒரு சாண் அளவு, அதாவது ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் நூல். 37 பொத்தானுக்கும் சேர்த்து ஏழரை மீட்டருக்கும் குறைவுதான். துணியின் பின்பக்கமிருந்து ஊசியை மேலே குத்துங்கள். நூலின் முனையில் மூன்று விரற்கடை அளவு பின்பக்கம் தொங்கட்டும். அதில் முடிச்சுப் போடாதீர்கள். பொத்தானின் ஒரு துளை வழியே ஏறி, மறு துளை வழியே இறங்குங்கள். மீண்டும் ஒருமுறை ஏறி இறங்குங்கள். இப்போது பின்பக்கம் இரண்டு நூல் முனைகள் இருக்கும். வலது முனையை இடது முனைமேல் போட்டு ஒரு முடிச்சு; பிறகு இடது முனையை வலது முனைமேல் போட்டு இன்னொரு முடிச்சு. இந்த வரிசையில் போட்டால் முடிச்சு தானாக நழுவாது. மீதி நூலை வெட்டிவிடுங்கள்.

நேரத்தை மிச்சப்படுத்த எண்ணி, ஒரே நீள நூலால் பொத்தானுக்குப் பொத்தான் தாவித் தைக்காதீர்கள். அப்படித் தைத்தால் ஒன்றை வெட்டும்போது பக்கத்தில் உள்ளவையும் தளர்ந்து விழும். ஒவ்வொரு பொத்தானுக்கும் தனி நூல், தனி முடிச்சு. இதுதான் இந்த வேலையின் உயிர்நாடி.

எல்லாம் தைத்தபின் சவர்க்காரக் கோடுகளை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். இரண்டு குழல்களிலும் குச்சிகளை நுழையுங்கள். கீழ்க்குச்சி துணி சுருளாமல் இழுத்துப் பிடிக்கும். மேற்குச்சியின் இரு முனைகளிலும் கயிறு கட்டி ஓர் ஆணியில் மாட்டுங்கள். அட்டையோ கண்ணாடியோ இல்லாததால் கனமும் இல்லை. விழுந்தால் உடைவதும் இல்லை. மழைச்சாரல் படும் சுவரையும் அடுப்புப் புகை படியும் சுவரையும் தவிர்த்துவிடுங்கள். அழுக்கேறினால் குச்சிகளை உருவிவிட்டுத் துணியோடு கையால் துவைத்துக் காயப் போடலாம்.

பாதுகாப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தவழும் குழந்தையும் மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையும் இருக்கும் வீட்டில், பொத்தானைத் தரையில் பரப்பி வைத்துவிட்டு எழுந்து போகாதீர்கள். வாயில் போட்டால் தொண்டையில் அடைக்கும். வேலை தொடங்கும்போது எண்ணுங்கள்; முடியும்போதும் எண்ணுங்கள். ஊசிக்கும் அதே கணக்குத்தான். இன்னும் ஒன்று. கடிகாரம், விளையாட்டுப் பொருள்கள் ஆகியவற்றில் வரும் பொத்தான் வடிவப் பேட்டரிகள் சில நேரம் இதே டப்பாவில் வந்து சேர்ந்துவிடும். அவற்றை உடனே பிரித்து அப்புறப்படுத்துங்கள். பிள்ளை அதை விழுங்கினால், இரண்டு மணி நேரத்திற்குள்ளேயே உணவுக்குழாயை அரித்து உயிருக்கே ஆபத்து விளைவிக்கக்கூடும். விழுங்கியிருக்குமோ என்ற ஐயம் வந்தாலே போதும். காத்திராமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

நேயர்களே, இந்தத் தொங்கலுக்கு மற்றொரு நன்மையும் உண்டு. நம்மில் பலர் பிறந்த தோட்டங்கள் இன்று இல்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் வீட்டுமனைகள் ஆயின. லயத்து வீட்டிலிருந்து பட்டணத்து அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோன குடும்பங்கள் எத்தனை! தவணைக்கு வாங்கிய கண்ணாடிப் படங்கள் லாரியில் உடைந்து போனதைப் பார்த்திருக்கிறோம். இந்தத் துணியையோ குச்சியில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போகலாம். புது வீட்டுச் சுவரில் மாட்டியதும், தாத்தாவின் சட்டையும் அம்மாவின் இரவிக்கையும் பிள்ளையின் முதல் பள்ளிச் சீருடையும் அங்கே வந்துவிடுகின்றன. எந்தப் பொத்தான் யாருடையது என்று தைக்கும்போதே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே தையுங்கள். கடையில் வாங்கிய படத்தில் இந்தக் கதை இருக்காது.

அந்தப் பையனைப் பற்றிச் சொல்லி முடிக்கிறோம். அவனும் பாட்டியும் சேர்ந்து 37 பொத்தானில் ஒரு தொங்கல் செய்தார்கள். பள்ளிக் கண்காட்சியில் வைத்துவிட்டு வீட்டுக்கு எடுத்துச் சென்றார்கள். சில மாதங்கள் கழித்து ஒரு நாள் அவன் சட்டையைப் பார்த்தோம். ஐந்து வெள்ளைப் பொத்தான்களுக்கிடையில் ஒன்று சற்றே மஞ்சளோடிப் பழையதாக இருந்தது. "கோலத்திலிருந்து எடுத்ததா?" என்று கேட்டோம். "ஆமாம் டீச்சர். பாட்டி வெட்டிக் கொடுத்தாங்க, நானே தச்சுக்கிட்டேன்" என்றான். இம்முறை அவன் தலை குனியவில்லை.

பிறகொரு நாள் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தபோது சுவரைப் பார்த்தோம். வெளி வளையத்தில் ஓரிடம் காலியாக இருந்தது. பாட்டி சிரித்துக்கொண்டே, "அது இருக்கட்டும் டீச்சர். இவன் சட்டை இந்த வருசக் கடைசியில சின்னதாப் போயிடும், அதுல இருந்து வந்துரும்" என்றார்.

உங்கள் வீட்டு டப்பாவையும் இன்று திறந்து பாருங்கள்.